அந்தமானில் இரவில் ஈட்டியால் மீன் குத்த எந்த லைட் சரி? வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதுமா? – விளக்கம்

அந்தமானில் டிசம்பர் மாதம் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்பே. கடிகாரம் ஒன்றுதான், தீவுகள் மட்டும் கிழக்கே தள்ளி இருக்கின்றன. அதனால் சின்ன டிங்கியில் ஒரு லைட்டும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு கரையோரம் மீன் குத்தப் போகிறவர்களுக்கு அங்கே இரவு சீக்கிரமே தொடங்கிவிடும்.

இப்படிப் போக நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அதிக வாட்ஸ்ல என்ன இருக்கு?" என்பதுதான். ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லை. எந்தத் தண்ணீரில் போகப் போறீங்க, லைட்டை எங்கே மாட்டப் போறீங்க, அந்த வெளிச்சத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன மாதிரியான மீன்பிடி?

முழங்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரை தண்ணீர் இருக்கும் மணல் தரையில் படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். வெளிச்சம் கீழே விழும். மணலோடு மணலாகப் படுத்திருக்கும் மீனின் வடிவம் தெரிந்ததும் ஈட்டியால் குத்துவார்கள். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா கரையில் தட்டைமீன்களை இப்படிக் குத்துவது பெரிய பொழுதுபோக்கு. பெட்ரோமாக்ஸ் மாதிரியான விளக்கில் தொடங்கி ஹாலஜன், சோடியம் விளக்கு என்று போய் இப்போது எல்.இ.டி.க்கு வந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் இது புதிது இல்லை. நிக்கோபார் மக்கள் இரவில் ஓலைப் பந்தம் கொளுத்தி, பல முனை கொண்ட ஈட்டியால் மீன் குத்துவதைப் பழைய பயணக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. புறநானூற்றின் 60ஆம் பாடல், வானத்தில் மின்னும் விண்மீனுக்கு நடுக்கடலில் தெரியும் படகு விளக்கைத்தான் உவமையாகச் சொல்கிறது.

தட்டைமீன் என்றால் நமக்குத் தெரிந்த நாக்கு மீன், எருமை நாக்கு வகைகள்தான். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். மறுபக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். எருமை நாக்கு மீனின் அறிவியல் பெயர் 'செட்டோடஸ் எருமெய்'. 1801இல் வைத்த அந்தப் பெயருக்குள்ளேயே நம்ம 'எருமை' இருக்கிறது. நிறத்தை மணலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் தட்டைமீன்கள் கில்லாடிகள். நீங்கள் பார்க்கப் போவது முழு மீனை அல்ல. மணலில் ஒரு மெல்லிய ஓரக்கோடு, இரண்டு கண், அவ்வளவுதான். அந்தக் கோட்டைக் காட்டும் லைட்தான் நல்ல லைட்.

வலைக்கு லைட், ஈட்டிக்கு லைட்: என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் 'லைட் மீன்பிடி' என்றாலே தகராறு நினைவுக்கு வரும். ஜெனரேட்டரில் ஓடும் பெரிய விளக்குகளைக் கடலில் காட்டி, கூட்டமாக வரும் மீனை வலையால் வளைத்துவிடுவார்கள். பெரிசு, குஞ்சு என்ற பேதமே இல்லை. சிறு மீனவர்களுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

இதனால் 2017 நவம்பர் 10 அன்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. இழுவலை, பர்ஸ் சீன் எனப்படும் சுருக்குமடி வலை, செவுள் வலை ஆகியவற்றில் மீன் பிடிக்க, இயந்திரப் படகுகளோ மோட்டார் பொருத்திய படகுகளோ எல்.இ.டி. உள்ளிட்ட செயற்கை விளக்குகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கரையோரக் கடல் எல்லைக்கு அப்பால் உள்ள இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு அது பொருந்தும். அந்த எல்லைக்கு உள்ளே, அதாவது 12 கடல் மைல் வரை, அந்தந்த மாநில, யூனியன் பிரதேச விதிகள்தான்.

அந்த உத்தரவின் பட்டியலில் ஈட்டி இல்லை. "அப்போ பிரச்னை இல்லைதானே?" என்று கேட்காதீங்க. நீங்கள் போகப்போவது கரையோரத் தண்ணீர். அங்கே அந்தமான் நிகோபார் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை, 2003 நடைமுறையில் இருக்கிறது. படகுப் பதிவு, மீன்பிடி உரிமம் இரண்டையும் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) உள்ள மீன்வளத் துறையில் கேட்டு உறுதி செய்த பிறகுதான் லைட் வாங்கவே போக வேண்டும்.

இதைவிட அடிப்படையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. வலைக்காரர்களின் லைட் மீனை வரவழைப்பதற்கு. ஈட்டிக்காரரின் லைட் மீனைப் பார்ப்பதற்கு. வலையில் சிக்கிய சின்ன மீனை உயிரோடு திருப்பி விடக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு. ஈட்டியால் குத்திய மீனை விட முடியாது. குத்துவதற்கு முன்பே என்ன மீன், என்ன அளவு என்று தெரிந்தாக வேண்டும். கீழே வரும் எல்லாக் கணக்கும் இதற்காகத்தான்.

வாட்ஸா, லூமென்ஸா?

வாட்ஸ் என்பது லைட் சாப்பிடும் மின்சாரம். லூமென்ஸ் என்பது அது தரும் வெளிச்சம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கார் ஹெட்லைட்டில் வரும் 55 வாட்ஸ் ஹாலஜன் பல்பு சுமார் 1,000 முதல் 1,500 லூமென்ஸ் தரும். ஓரளவு தரமான எல்.இ.டி., ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென்ஸ் தரும். அதாவது 12 வாட்ஸ் எல்.இ.டி. ஒன்று ஒரு ஹாலஜன் பல்பின் வேலையைச் செய்துவிடும். மின்சாரம் நாலில் ஒரு பங்குதான், சூடும் குறைவு.

பெட்டியில் '300 வாட்ஸ்' என்று போட்டு மலிவாக விற்கும் லைட்டுகளிடம் ஜாக்கிரதை. சோதிப்பது சுலபம். 12 வோல்ட் பேட்டரியில் போட்டு எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பாருங்க. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான வாட்ஸ் வந்துவிடும். 300 வாட்ஸ் என்றால் 25 ஆம்பியர் இழுக்க வேண்டும். 3 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் அது 36 வாட்ஸ் லைட்.

இடுப்பளவுத் தண்ணீருக்கு 12 வாட்ஸ் எல்.இ.டி. நான்கு, அதாவது மொத்தம் சுமார் 5,000 லூமென்ஸ் இருந்தால் ஒரு சின்னப் படகு வேலையைத் தொடங்கலாம். அவற்றை ஒரே புள்ளியில் குவிக்காமல் படகின் முன்பக்கம் பரப்பி மாட்ட வேண்டும். பளிச்சென்ற ஒரு வட்டத்தைவிட, சீராகப் பரவிய வெளிச்சத்தில்தான் ஓரக்கோடு தெரியும். 'ஸ்பாட்' லைட் வேண்டாம், 'ஃப்ளட்' லைட் கேளுங்க.

வெள்ளையா, மஞ்சளா, பச்சையா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் அந்தமானில் இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது.

ஒன்று, பவளப்பாறை ஓரத்துத் தெளிந்த நீர். இன்னொன்று, தீவில் 'நாலா' என்று சொல்லும் ஓடைகளும் மாங்குரோவ் காடுகளும் கலக்கும் பழுப்பு நீர்.

தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விழுங்காது. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை நீங்கள் பார்க்க, வெளிச்சம் ஒரு மீட்டர் கீழே போய், ஒரு மீட்டர் மேலே வர வேண்டும். மொத்தம் இரண்டு மீட்டர் பயணம். ஆய்வகத்தில் அளந்த தூய நீரின் கணக்குப்படி இந்தப் பயணத்தில் தொலையும் வெளிச்சம் இவ்வளவு:

- நீலம் (450 நானோமீட்டர்): சுமார் 2%
- பச்சை (550 நானோமீட்டர்): சுமார் 11%
- ஆரஞ்சு (600 நானோமீட்டர்): சுமார் 36%
- சிவப்பு (650 நானோமீட்டர்): சுமார் 49%

இதைப் பார்த்து "அப்போ நீல லைட்தான் பெஸ்ட்" என்று முடிவு கட்டிவிடாதீங்க. இது தூய நீரின் கணக்கு. பாறையோரத் தெளிந்த நீருக்கு ஓரளவு பொருந்தும். அங்கே 5,000 கெல்வினுக்கு மேற்பட்ட 'கூல் ஒயிட்' நன்றாக வேலை செய்யும்.

நாலா தண்ணீரில் கதை தலைகீழ். அழுகிய இலைகளிலிருந்து ஊறும் பழுப்புச் சாயம் முதலில் நீல ஒளியைத்தான் விழுங்கும். மிதக்கும் மண்துகள்கள் மீதி வெளிச்சத்தைச் சிதறடித்து உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். மூடுபனியில் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆகுமோ, அதேதான். முன்னால் வெள்ளைத் திரை போட்ட மாதிரி இருக்கும். லைட்டைக் கூட்டக் கூட்டத் திரையும் தடிக்கும். இங்கே 3,000 கெல்வின் அளவிலான 'வார்ம் ஒயிட்', அதாவது குண்டு பல்பு மாதிரியான மஞ்சள் வெளிச்சம், கண்ணுக்கு இதமாகவும் தரையைத் தெளிவாகவும் காட்டும். பூச்சிகளும் மஞ்சள் வெளிச்சத்துக்குக் குறைவாகத்தான் வரும்.

இரண்டு தண்ணீரிலும் போகிறவர் என்றால் இரண்டு வார்ம், இரண்டு கூல் என்று மாட்டி, தனித்தனி சுவிட்ச் வைத்துக்கொள்வது நல்லது.

பச்சை லைட்? தண்ணீருக்குள் மூழ்கவிட்டு சிறு மீன்களை, கணவாயை இழுக்க அதைப் பயன்படுத்துவார்கள். மணலில் கிடப்பதை அடையாளம் காண அது உதவாது. ஒரே நிறத்தில் எல்லாமே பச்சையாகத் தெரியும். கல் எது, மீன் எது என்று பிரிப்பது கஷ்டம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் 'சி.ஆர்.ஐ.' எண் 80க்கு மேல் உள்ள வெள்ளை லைட்டே சரி.

எங்கே மாட்ட வேண்டும்?

பலர் லைட்டைப் படகில் உயரமாக மாட்டி முன்னோக்கித் திருப்பிவிடுவார்கள். தூரம் வரை தெரியும் என்ற நினைப்பு. உண்மையில் தண்ணீரின் மேற்பரப்புதான் தெரியும், தரை தெரியாது.

அசையாத நீரில் நேர் கீழாக விழும் வெளிச்சத்தில் 2% மட்டுமே மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் அது 6%. 70 டிகிரியில் 13%. 80 டிகிரியில் ஏறக்குறைய 35%. சாய்வு கூடக் கூட, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் கண்ணைக் கூச வைப்பதற்கே செலவாகிறது.

அதனால் லைட் நீர்மட்டத்துக்கு அருகே, கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஈட்டி பிடித்து நிற்பவரின் கண்ணில் பல்பு நேராகப் படாதபடி மேலே ஒரு தகரத் தடுப்பு வைத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். காற்றடித்துச் சிற்றலை ஓடும் இரவுகளில் லைட்டைத் தண்ணீருக்குள் ஒரு சாண் இறக்கினால் மேற்பரப்புக் கூச்சமே இருக்காது. ஆனால் பவளப்பாறை உள்ள இடத்தில் அது இடித்து உடையும், பாறையையும் உடைக்கும். மணல் தரைக்கு மட்டுமே அந்த வழி.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்க. தண்ணீருக்குள் இருக்கும் பொருள் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பது போலத் தெரியும். ஒரு மீட்டர் ஆழத்து மீன் 75 சென்டிமீட்டரில் கிடப்பதாகத் தோன்றும். சாய்வாகக் குத்தும்போது மீன் தெரியும் இடத்துக்குக் கீழே குறி வைக்க வேண்டும். நேர் மேலிருந்து குத்தினால் பக்கவாட்டில் குறி தவறாது.

பேட்டரி கணக்கு

நான்கு மணி நேரம் எரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

- ஹாலஜன் 4 × 55 வாட்ஸ்: 18 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடக் கூடாது என்பதால் சுமார் 150 ஏ.ஹெச். பேட்டரி வேண்டும். சின்ன டிங்கியில் அது கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிய மாதிரி.
- எல்.இ.டி. 4 × 12 வாட்ஸ்: 4 ஆம்பியர். 35 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரியே போதும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி என்றால் 20 ஏ.ஹெச். போதும், எடையும் மிகக் குறைவு.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரிக்கும் லைட்டுக்கும் 5 மீட்டர் தூரம் என்றால் மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயரில் 4 ஆம்பியர் ஓடினால் சுமார் அரை வோல்ட் வழியிலேயே தொலையும். அதே வயரில் ஹாலஜனின் 18 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், வயரும் சூடாகும். உப்புக் காற்றில் செம்பு கறுத்துவிடும் என்பதால் ஈயம் பூசிய வயர் நல்லது. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

லைட்டில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மழைக்கும் அலைத் தெறிப்புக்கும் அது போதும். தண்ணீருக்குள்ளேயே வைத்து எரிக்க ஐ.பி.68 வேண்டும்.

முதலை, திருக்கை, பெரிய படகு: லைட் காப்பாற்றுமா?

அந்தமானின் நாலாக்களிலும் மாங்குரோவ்களிலும் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. கடலோரத்துக்கும் வரும். 2010இல் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரைப் பகுதியில் முதலை தாக்கி ஒரு வெளிநாட்டுப் பயணி உயிரிழந்தார்.

படகின் முன்பக்கம் கீழ்நோக்கி மாட்டிய லைட் முதலையைக் காட்டிக்கொடுக்காது. முதலையின் கண் வெளிச்சத்தை, அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால் உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் வெளிச்சத்தில்தான் அந்தச் சிவந்த மினுக்கம் தெரியும். வனத்துறையினரும் ஆய்வாளர்களும் இரவில் முதலைகளை எண்ணுவது இப்படித்தான். ஒரு நல்ல ஹெட்லேம்ப், தூரம் போகும் கைடார்ச் ஒன்று, இரண்டும் தனியாக வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிலும் அடித்துப் பாருங்க. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள நாலாவுக்குள் போகவே வேண்டாம். தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளுவதும் கூடாது.

மணலில் தட்டையாகக் கிடப்பதெல்லாம் நாக்கு மீன் இல்லை. வால்முள்ளில் விஷம் உள்ள திருக்கையும் அப்படித்தான் கிடக்கும். கல்லோடு கல்லாக விஷமுள்ள கல்மீன் இருக்கும். உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் ஒருவகைத் திருக்கை, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. தெரியாமல் குத்திவிட்டேன் என்பது அங்கே எடுபடாது. சந்தேகம் வந்தால் ஈட்டியை இறக்காதீங்க.

மூன்றாவது ஆபத்து மற்ற படகுகள். சர்வதேசக் கடல் விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைவான, 7 நாட் (மணிக்கு 13 கி.மீ.) வேகத்தைத் தாண்டாத மோட்டார் படகு, எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கையாவது காட்ட வேண்டும். அதைவிட வேகமான படகுக்குச் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளும் தேவை. மீன் பார்க்கும் லைட் இதற்கு மாற்று ஆகாது. படகைச் சுற்றிப் பச்சை விளக்குச் சரம் கட்டினால், அது படகின் வலப்பக்க விளக்கு என்று எதிரே வருபவர் தவறாக நினைக்கக்கூடும்.

பிரகாசமான வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். உங்கள் லைட்டுக்குள் நீங்கள் இருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது என்பதை மறந்துவிடக் கூடாது. படகில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இருட்டைக் கவனிக்க வேண்டும். வற்றும் நேரத்தில் பாறை மேல் படகு உட்கார்ந்துவிடாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஸ்ரீ விஜயபுரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும்.

எங்கே லைட்டே போடக் கூடாது?

- வண்டூர் அருகே உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா (1983), ராணி ஜான்சி கடல்சார் தேசியப் பூங்கா (1996). இங்கே மீன்பிடிக்க அனுமதி இல்லை.
- பழங்குடி காப்புப் பகுதிகள். 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை இங்கே அந்நியர் நுழைவதைத் தடை செய்கிறது. 2006இல் வட சென்டினல் தீவுக்கு அருகே இரவில் படகை நிறுத்தித் தூங்கிய இரண்டு மீனவர்கள், படகு கரை ஒதுங்கியதால் கொல்லப்பட்டார்கள். ஜி.பி.எஸ். இல்லாமல் இரவில் போவது உயிரோடு விளையாடுவது.
- ஆமை முட்டையிடும் கடற்கரைகள். டிக்லிபூர் பக்கம் காளிப்பூர், மத்திய அந்தமானில் கத்பர்ட் பே, கிரேட் நிக்கோபாரில் கலாத்தியா ஆகியவை முக்கியமானவை. நவம்பர் முதல் பிப்ரவரி, மார்ச் வரை தாய் ஆமைகள் கரையேறும் காலம். செயற்கை வெளிச்சத்தைக் கண்டால் அவை கரையேறாமல் திரும்பிவிடலாம். குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையோடு அந்தமானுக்கும் சேர்த்தே அறிவிக்கப்படுகிறது. மோட்டார் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் படகு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்க.

லைட் மலிவாகி, பேட்டரியும் மலிவானால் மீனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் ஓர் உதாரணம். மீன்கள் குறைந்ததால், முட்டையிடப் புறப்படும் நவம்பர் மாதத்தில் ஈட்டியால் குத்துவதை 2009இல் அந்த மாகாணம் தடை செய்தது. அதுவும் போதாமல் 2021 முதல் நவம்பர் 1இலிருந்து டிசம்பர் 14 வரை தட்டைமீன் பிடிப்பதையே நிறுத்திவிட்டது.

கடையில் பார்க்க வேண்டியது – சுருக்கமாக

1. வாட்ஸ் அல்ல, லூமென்ஸ் எவ்வளவு? ஆம்பியர் அளந்து காட்டுவார்களா?
2. தெளிந்த நீருக்கு 5,000 கெல்வினுக்கு மேல். கலங்கிய நீருக்கு 3,000 கெல்வின்.
3. சி.ஆர்.ஐ. 80க்கு மேல் இருக்கிறதா?
4. ஃப்ளட் லைட்டா? கீழ்நோக்கித் திருப்ப முடியுமா? கண்ணுக்குத் தடுப்பு உண்டா?
5. மேலே மாட்ட ஐ.பி.67, நீருக்குள் இறக்க ஐ.பி.68.
6. நான்கு மணி நேரத்துக்கு பேட்டரி, ஈயம் பூசிய வயர், ஃபியூஸ்.
7. தனியாக ஹெட்லேம்ப், கைடார்ச், படகின் வெள்ளை விளக்கு, லைஃப் ஜாக்கெட்.

இவ்வளவும் வாங்கி மாட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்க. ஒரு தட்டை மணல் நிறத்தில் பெயின்ட் அடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் போட்டு, படகிலிருந்து தேடிப் பாருங்க. தட்டு இருக்கிறது என்பது தெரிந்தால் மட்டும் போதாது. அது உள்ளங்கை அளவா, சாப்பாட்டுத் தட்டு அளவா என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் லைட்டைக் கூட்டாதீங்க. கோணத்தை மாற்றுங்க, நிறத்தை மாற்றுங்க. அது சரியான பிறகு ஈட்டியை எடுக்கலாம்.